ஒரே வகுப்பில் பலதரப்பட்ட பிள்ளைகள்: எது நீதி?



“சாமி, என் மகன் ஒரு தடவை கேட்டதும் பாடத்தைப் பிடித்துக்கொள்கிறான். பின்தங்கிய பிள்ளைகளுக்காக உபாத்தியாயர் அதையே நாலு தடவை சொல்லுகிறார். இது அவனுக்கு அநீதி அல்லவா?” என்று ஒரு தாயார் என்னைக் கேட்டார். தள்ளிவிடக்கூடிய கேள்வியன்று. கெட்டிக்காரப் பிள்ளையைச் சும்மா உட்காரவைப்பதும் குற்றமே.

ஆனால் நீதி என்பது எது? எல்லோருக்கும் ஒரே அளவு கொடுப்பதா, அவரவர்க்கு வேண்டியதைக் கொடுப்பதா? காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்குக் கஞ்சியும், விளையாடி வந்தவனுக்குச் சோறும் வைக்கும் தாயை ஓரவஞ்சனைக்காரி என்று யாரும் சொல்வதில்லை. தமிழக அரசு 2022-ல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில், சிறு பிள்ளைகளுக்கு அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைக்கேற்பப் பயிற்சி வகுத்ததும் இதே எண்ணத்தினால்தான்.

உபாத்தியாயரோ ஒருவர், பிள்ளைகளோ நாற்பது பேர். என்ன செய்வது? நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் முன்னே படித்த சட்டாம்பிள்ளை பின்னே வருகிறவனுக்குச் சொல்லிக்கொடுப்பான். 1789-ல் சென்னையில் அநாதைச் சிறுவர் விடுதியை ஏற்று நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துக்காரர், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைக் கண்டு, அவ்வழியைத் தம் விடுதியிலும் கைக்கொண்டார்; மாணாக்கரைக்கொண்டே மாணாக்கருக்குக் கற்பித்தார். 1797-ல் அவர் நூல் வெளியிட்ட பின், இது ‘சென்னை முறை’ என்ற பெயரோடு இங்கிலாந்திலே பரவிற்று.

ஆகவே, அம்மா, உங்கள் மகன் தோழனுக்கு ஒரு கணக்கை விளக்கும் நேரம் வீணான நேரமன்று. பிறனுக்குச் சொல்லும்போதுதான் தனக்கு எது விளங்கவில்லை என்பது அவனுக்கே தெரியவரும். ஆனால் அதோடு நிறுத்திவிடலாகாது. அவன் திறமைக்குத் தக்க கடினமான கணக்கையும் உபாத்தியாயர் கொடுக்கவேண்டும். சட்டாம்பிள்ளை பிரம்பைக் கையிலெடுக்கவும் இடங்கொடுக்கலாகாது.

என் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் வகுப்பெடுத்த நாட்களில், கை தூக்கியவர்களையே கேட்டு, பாடம் நன்றாய் நடந்தது என்று மகிழ்ந்திருந்தேன். வருஷ முடிவில் கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் விடைபெற வந்தான். அவன் பெயர் என் வாயில் வரவில்லை. ஒரு வருஷம் என் கண்முன் இருந்தவன்! அவனுக்கு நான் செய்தது சமநீதியா?

பெற்றோரே, இன்று மாலை பிள்ளையிடம், “எத்தனையாவது ராங்க்?” என்று கேட்கவேண்டாம். “இன்று யாருக்கு என்ன சொல்லிக்கொடுத்தாய்? யாரிடம் என்ன கேட்டுத் தெரிந்துகொண்டாய்?” என்று கேளுங்கள். இரண்டுக்கும் பதில் சொல்லத் தெரிந்த பிள்ளையே நன்றாய்ப் படிக்கிற பிள்ளை.