சுண்ணாம்பு தடவிய கலயம்

போர்ச்சுகலின் டோரோ ஆற்றுப் பள்ளத்தாக்கை 2001இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. காரணம் திராட்சைத் தோட்டங்கள். செங்குத்தான மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டி, கல்லை அடுக்கிச் சுவர் எழுப்பி, ஒயினுக்காக ஒரு பள்ளத்தாக்கின் உருவத்தையே மாற்றியிருக்கிறார்கள். உலகம் அதைப் பண்பாடு என்கிறது.

இதே கண்ணோடு நம்ம வெள்ளாற்றைப் பார்க்கலாம். புதுக்கோட்டை மாவட்டத்தின் குறுக்கே போகும் இந்த ஆறு, சோழநாட்டுக்கும் பாண்டிநாட்டுக்கும் எல்லையாகச் சொல்லப்பட்டது. வருடத்தில் பெரும்பகுதி வெறும் மணல். அக்கம்பக்கத்தில் கண்மாய்க்கரை, வயல் வரப்பு, செம்மண் மேடு என்று பனை நிற்கிறது. விதைத்தால் பாளை விட ஏறக்குறைய 15 வருடம் ஆகும். ஓலை கூரைக்கு, கட்டை உத்தரத்துக்கு, நுங்கும் கிழங்கும் வாய்க்கு. ஆனால் மரத்தையும் மனிதனையும் அன்றாடம் சேர்த்துக் கட்டியது பாளையில் வடிகிற சாறுதான். பருவத்தில் தினமும் ஏறி நுனியைச் சீவிவிட வேண்டும். விட்டால் சுரப்பு நின்றுபோகும்.

அந்தச் சாறு விழுகிற கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருந்தால் அது பதநீர். தடவாவிட்டால் சில மணி நேரத்திலேயே புளித்துக் கள்ளாகிவிடும். ஒரே மரம், ஒரே ஆள், ஒரே உழைப்பு. தமிழ்நாட்டில் 1987 முதல் முன்னது தொழில், பின்னது குற்றம். கேரளத்திலும் புதுச்சேரியிலும் கள்ளுக்கடை உண்டு. இங்கே 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனையை அரசின் டாஸ்மாக்கே நடத்துகிறது.

தடைக்குப் பின்னால் உள்ள அறத்தை லேசாக ஒதுக்கிவிட முடியாது. காந்தியின் மதுவிலக்குப் பிரச்சாரக் காலத்தில் பெரியார் தன் தோப்பிலேயே நூற்றுக்கணக்கான தென்னைகளை வெட்டிச் சாய்த்தார். குடியால் அழிந்த வீடுகளுக்கு முன்னால் ஒரு தோப்பு பெரிதில்லை என்பது அவர் கணக்கு. அதில் ஒரு நேர்மை இருக்கிறது: இழப்பு அவருடையது. இன்றைய தடையில் இழப்பவர் பனையேறி. பாட்டிலில் வரும் போதைக்கு உரிமம் கிடைக்கிறது, மரத்திலிருந்து இறங்கும் போதைக்கு வழக்கு. அப்படியென்றால் இந்தச் சட்டம் அளப்பது போதையைத்தானா?

ஏறுபவர் இல்லாத பனை செங்கல் சூளைக்கு விறகாகப் போகிறது. 2021இல் பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று அரசு அறிவித்தது. நல்லதுதான். ஆனால் பனை மாநில மரம், அதிலிருந்து இறக்கும் கள் குற்றம் என்றால் நாம் காப்பாற்றுவது எதை? இதே மாவட்டத்தில் காகித ஆலைகளுக்காக வளர்க்கப்படும் தைலமரக் காடுகளைப் பாருங்கள். நிலத்தடி நீர் போகிறது, கண்மாய்க்கு மழைநீர் வருவதில்லை என்று விவசாயிகள் பல வருடங்களாகப் போராடுகிறார்கள். நிலம் சும்மா இருப்பதில்லை. எந்தத் தேவைக்கு அனுமதி உண்டோ அதன் உருவத்தை எடுத்துக்கொள்கிறது.

இங்கே ஒரு சங்கடம் இருக்கிறது. "மரம் பிழைக்கக் கள்ளை அனுமதியுங்கள்" என்று கணினி முன்னால் உட்கார்ந்து எழுதுவது எனக்குச் சுலபம். ஏறப்போவது நான் இல்லையே. தவறி விழுந்தால் இடுப்பு போகும், உயிரும் போகும். காலங்காலமாக அந்த உயரத்துக்கு ஏறியவர்களைச் சாதி தரையில் தாழ்த்தியே வைத்தது. டோரோவின் கற்சுவர்களும் கூலிக்காரர்களின் முதுகில்தான் எழுந்தன. அழகான நிலக்காட்சியை ரசிப்பவரும் அதைச் சுமப்பவரும் பெரும்பாலும் வேறு வேறு ஆட்கள்.

அதனால் நான் பனையேறியை மரத்தோடு சேர்த்துப் பாதுகாக்கச் சொல்லவில்லை. அவர் பிள்ளை ஏறாமல் போனால் அதற்காக அழவும் எனக்கு உரிமை இல்லை. நான் கேட்பது இரண்டு உரிமைகள்: விரும்பினால் குற்றவாளி ஆகாமல் ஏறும் உரிமை, வேண்டாமென்றால் பட்டினி இல்லாமல் இறங்கும் உரிமை. இரண்டும் கிடைத்த பிறகு வெள்ளாற்றங்கரையில் எத்தனை பனை மிஞ்சுகிறதோ, அதுதான் நம்முடைய உண்மையான நிலக்காட்சி. குறைவாக மிஞ்சினாலும் சரி.