யாரிடம் கேட்கலாம் இலவச உழைப்பை?

க.பொ.த. உயர்தரப் பரீட்சை முடிந்து, பெறுபேறு வந்து, பல்கலைக்கழக அனுமதிக் கடிதம் கைக்குக் கிடைப்பதற்குள் இலங்கையில் ஒரு மாணவிக்கு ஓராண்டுக்கு மேல் ஓடிவிடுகிறது. மலையகத்தின் ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை தேயிலைத் தோட்ட வட்டாரங்களில் இயங்கும் தொண்டு நிறுவனங்களுக்கு இந்த இடைவெளி நன்றாகத் தெரியும். முன்பள்ளிக்கு ஓர் உதவிக் கை வேண்டும். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்க ஆள் வேண்டும். தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயங்கள் தோறும் போய்ப் போஷாக்குக் கணக்கெடுக்க, சிறுவர் கழகம் நடத்த, செயலமர்வுக்கு ஆட்களைத் திரட்ட யாராவது வேண்டும். தோட்டத்திலேயே பிறந்து, அங்குள்ளவர்களின் பேச்சும் போக்கும் அறிந்த மாணவியைவிட இதற்குப் பொருத்தமானவர் கிடையாது. முடிவில் ஒரு சான்றிதழ், ஒரு குழுப்படம். யாருக்கும் நட்டமில்லாத ஏற்பாடாகத்தான் தெரிகிறது. ஆனால் மாணவர் தொண்டு நல்லதா என்பதற்கு முன்னால் மலையகத்தில் கேட்டாக வேண்டிய கேள்வி வேறு: கூலியில்லாமல் உழைத்துத் தரும்படி யாரிடம் கேட்பது நியாயம்?

மாணவரிடம் கொடுக்க இருப்பது பெரும்பாலும் நேரம் மட்டுமே. தோட்டத்து மாணவியின் நேரத்தில் பெரும்பகுதி ஏற்கெனவே பங்கு போடப்பட்டுவிட்டது. அம்மா காலையில் பெரட்டுக்கு (தோட்ட வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு)ப் போய்விட்டால் தம்பி தங்கையைப் பிள்ளை மடுவத்தில் (குழந்தைக் காப்பகத்தில்) விடுவதும், பீலியில் தண்ணீர் பிடிப்பதும், விறகு சேர்ப்பதும் வீட்டிலிருக்கும் மூத்த பெண்ணின் தலையில். பையனென்றால் பரீட்சை முடிந்த கையோடு கொழும்பில் கடை வேலை. தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி 2021இல் 1,000 ரூபாயாக உயர்வதற்கே பல ஆண்டுப் போராட்டம் தேவைப்பட்டது. 2024இல் அது 1,350 ஆனது, அதுவும் 2022இன் பொருளாதார நெருக்கடியில் அரிசியும் மாவும் மண்ணெண்ணெயும் எட்டாத விலைக்கு ஏறிய பிறகு. கொழுந்து நிறுவை குறைந்தால் அரைப் பேர்தான், அதாவது அரை நாள் கூலிதான், விழும். இந்தக் கணக்கில் நடக்கும் வீட்டிலிருந்து, உழைக்கக்கூடிய ஒரு பிள்ளை ஆறு மாதம் சம்பளமில்லாமல் போய்வந்தால், அது அந்த வீடு தரும் நன்கொடை. நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் நன்கொடையாளர் பட்டியலில் அந்த வீட்டின் பெயர் வருவதில்லை.

சேவைக்குச் சான்றிதழும் சேர்ந்துவிட்டால் சிக்கல் கூடுகிறது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் உயர்நிலைப் பள்ளியை முடிக்க 40 மணி நேரச் சமூக சேவை கட்டாயம் என்ற விதி 1999இல் வந்தது. அங்குள்ள ஸ்காபரோவின் தமிழ்ப் பிள்ளைகளும் அதை முடித்துத்தான் வெளியே வருகிறார்கள். காந்தி நூற்றாண்டான 1969இல் இந்தியாவின் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம் ஆண்டுக்கு 120 மணி, ஈராண்டில் 240 மணி கேட்கிறது. மணிக்கணக்கு எல்லோருக்கும் ஒன்று. ஒவ்வொரு வீட்டிலும் அந்த மணியின் விலை ஒன்றல்ல. புலமைப்பரிசில் தெரிவிலும் வேலைக்கான நேர்முகத்திலும் சேவை அனுபவம் புள்ளியாக மாறும்போது, வசதியுள்ள பிள்ளைக்கு நல்லவராகத் தெரிவதும் சுலபமாகிவிடுகிறது. விடுமுறையெல்லாம் மளிகைக் கடையில் சாமான் கட்டிக் கொடுத்துத் தங்கையின் படிப்பைத் தாங்கியவன், விண்ணப்பப் படிவத்தைப் பார்த்தால், சமூகத்துக்கு ஒன்றும் செய்யாதவன்.

மலையகத்தில் நல்ல மனதுக்கென்று ஒரு வரலாறும் உண்டு, அது அவ்வளவு சுகமானதல்ல. 1940களில் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி நாட்டுக்கு வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியே நின்றன. 1948இன் குடியுரிமைச் சட்டமும் அதைத் தொடர்ந்த தேர்தல் திருத்தமும் தோட்டத்து மக்களில் மிகப் பெரும்பாலோரின் வாக்கையும் எடுத்துவிட்டதால், தட்டிக் கேட்க ஆளில்லை. 1970களில் அரசு பொறுப்பேற்கும் வரை ஒரு மண்டபம், ஓர் ஆசிரியர், பல வகுப்பு என்ற நிலையிலேயே பல பள்ளிகள், நிர்வாகத்தின் தயவிலும் மதச் சபைகளின் கருணையிலும் ஓடின. அந்த ஆசிரியர்களில் அரிய மனிதர்கள் இருந்தார்கள். அவர்களின் தியாகம் இருந்ததால்தான், ஏதோ பள்ளி நடக்கிறதே என்று கொழும்பு சும்மா இருக்கவும் முடிந்தது. அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. சுமார் பத்தாண்டுக்கு முன் பெருந்தோட்டப் பாடசாலைகளின் வெற்றிடங்களுக்கு உயர்தரம் முடித்த மலையக இளைஞர் சுமார் 3,000 பேரை ஆசிரிய உதவியாளராக அரசு எடுத்தபோது கொடுத்தது மாதம் 6,000 ரூபாய். பிறகு அது 10,000 ஆனது. வகுப்பில் அவர்கள் பார்த்தது முழு ஆசிரியரின் வேலை. தொண்டாகவே கிடைத்துப் பழகிய உழைப்புக்கு அரசும் தொண்டுக் கணக்கிலேயே விலை போட்டது என்று சொன்னால் மிகையில்லை.

கொடுப்பனவு கொடுத்தால் தொண்டு சம்பள வேலையாகிவிடாதா என்று கேட்பார்கள். அவர்கள் காட்டக்கூடிய உதாரணம் இலங்கையிலேயே இருக்கிறது. 1958இல் கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியராக இருந்த ஏ. டி. ஆரியரத்ன, தம் மாணவர்களைச் சாதியால் ஒதுக்கப்பட்ட கனதொலுவ கிராமத்துக்கு அழைத்துப் போய் அந்த மக்களோடு தங்கி உழைக்க வைத்தார். சர்வோதய இயக்கம் அதிலிருந்து வளர்ந்தது. காசு வாங்கிக்கொண்டு யாரும் போகவில்லை, மெய்தான். ஆனால் போனவர்கள் தலைநகரின் பேர்பெற்ற கல்லூரியின் பிள்ளைகள். இருப்பவர் இல்லாதவரிடம் போனார். அந்தத் திசையில்தான் சிரமதானம் என்ற அந்த உழைப்புக் கொடையின் மதிப்பு இருந்தது. பஸ் காசும் மதியச் சாப்பாடும் சிறு மாதக் கொடுப்பனவும் தொண்டை விலைக்கு வாங்குவதில்லை, ஏழை மாணவிக்கும் அதைச் செய்ய வழிவிடுகின்றன. நாட்டு நலப்பணித் திட்டத்தின் முகாமில் மாணவரின் சாப்பாட்டுச் செலவைத் திட்டமே ஏற்கிறது; அதனால் அது சேவையில்லை என்று யாரும் சொன்னதில்லை. நிதி கேட்டு எழுதும் கருத்திட்டத்தில் வாகனத்துக்கும் ஹோட்டல் மண்டபத்துக்கும் தனி வரி இருக்க, இதற்கு மட்டும் வரி இல்லையென்றால் அதைப் பணத் தட்டுப்பாடு என்று நம்புவது கடினம்.

இன்னொரு மறுப்பு மலையகத்துக்குள்ளிருந்தே வருகிறது. படித்து டவுனுக்குப் போனவர்கள் லயத்தைத் திரும்பிப் பார்ப்பதில்லை என்ற மனக்குறை பழையது, உண்மையும் அதில் உண்டு. இந்த வட்டாரங்கள் அடங்கிய நுவரெலியா, கல்வியில் பின்தங்கிய மாவட்டமென்று பல்கலைக்கழக அனுமதியில் சலுகை பெறுகிறது. மாவட்டத்தின் பேரால் உள்ளே போனவர் மாவட்டத்துக்குக் கடன்பட்டவர்தானே என்பது வாதம். ஆனால் சலுகை கடனாகத் தரப்பட்டதல்ல, வெகுகாலம் மறுக்கப்பட்டதற்கான ஈடு. கடன் கணக்கைத்தான் எடுப்பதென்றால் ஒழுங்காக எடுப்போம்: நெடுங்காலம் இந்நாட்டின் ஏற்றுமதி வருமானத்தில் முதலிடம் தேயிலைக்கு, இலவசக் கல்வியும் இலவச வைத்தியமும் நின்றது பெரும்பாலும் அந்த வருமானத்தின் மேல். கொழுந்து பறித்தவரின் பிள்ளைக்குத்தான் அவை கடைசியில் வந்தன. அப்படியானால் கடன்பட்டவர் வரிசையில் முன்னால் நிற்பவர்கள் கொழும்பிலும் கண்டியிலும் நல்ல பாடசாலைகளில் படித்துப் பட்டம் பெற வந்தவர்கள். தோட்டத்து இளைஞரிடம் எதையுமே கேட்கக் கூடாது என்பதல்ல இது. மஸ்கெலியாவின் டீ லீஃப் விஷன் நிலையத்தில் ஆங்கிலமும் தொழில்திறனும் கற்க வரும் தோட்டத்து இளைஞர், படிக்கும்போதே சிறுவருக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறார்கள். கொடுக்கும் கைக்கே படிப்பும் வந்து சேர்வதால், அங்கே உழைப்பு ஒரு பக்கமாக மட்டும் போகவில்லை.

நகரத்து மாணவர் வந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? 2014 அக்டோபர் 29இல் கொஸ்லந்த மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்தபோது நிவாரணம் லொறி லொறியாக வந்தது. தப்பியவர்களுக்கு வீடு கிடைக்க ஏறத்தாழ இரண்டு வருடம் பிடித்தது. வந்து போகிறவரின் அக்கறை பெரும்பாலும் முதல் வாரத்தோடு முடிகிறது. 1968இல் சிந்தனையாளர் இவான் இலிச், கோடை விடுமுறையில் மெக்சிகோவில் உதவ முன்வந்த அமெரிக்க மாணவரிடம், பார்க்கவும் கற்கவும் வரலாம், உதவி செய்கிறோம் என்று வர வேண்டாம் என்ற பொருளில் முகத்துக்கு நேராகச் சொன்னார். அவ்வளவு கடுமை மலையகத்துக்குத் தேவையில்லை. இங்கே பிரதேச செயலகத்திலிருந்து சிங்களத்தில் வரும் கடிதத்தைப் படித்துப் பதில் எழுத ஆள் தேவை. தமிழ்மொழி மூலம் உயர்தரக் கணிதமும் விஞ்ஞானமும் சொல்லிக் கொடுப்பவர் எப்போதுமே குறைவு. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் சிங்கள மாணவர் ஒருவர் முன்னதையும், தமிழ் மாணவர் ஒருவர் பின்னதையும் தவணை முழுதும் செய்ய முடியும், என்ன வேண்டும் என்று முடிவு செய்வது பெற்றோரும் உள்ளூர் நிறுவனமுமாக இருந்தால்.

மிகக் கடினமான மறுப்பு இதுதான்: அரசு ஆசிரியரை அனுப்பும் வரை, ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை காத்திருக்க வேண்டுமா? கூடாது. அந்தப் பிள்ளைக்கு அடுத்த வருடம் என்பது கிடையாது. வகுப்பு நடக்கட்டும். ஆனால் எந்தப் பாடத்துக்கு எத்தனை மாதம் ஆசிரியர் இல்லை, அந்த வகுப்பை நடத்திய மாணவர் யார் என்ற பதிவு வலயக் கல்விப் பணிமனைக்கு எழுத்தில் போக வேண்டும். பிள்ளை மடுவத்திலும் குடிதண்ணீரிலும் உள்ள குறைகள், 1992 முதல் தோட்டங்களை நடத்திவரும் கம்பனிகளுக்குப் போக வேண்டும். இங்கேதான் நிறுவனங்கள் தயங்குகின்றன. தோட்டத்துக்குள் கால் வைக்கத் துரையின், அதாவது தோட்ட முகாமையாளரின், அனுமதி வேண்டும், கடிதம் எழுதினால் கேட் மூடப்படலாம் என்ற பயம் வெறும் கற்பனையல்ல. அந்தப் பயத்தால் எழுதுவதில்லை என்று ஒரு நிறுவனம் முடிவு செய்திருந்தால், மாணவியைத் தொண்டுக்குச் சேர்க்கும் முதல் நாளே அதை அவளிடம் சொல்லிவிட வேண்டும். தன் உழைப்பு எந்த வெற்றிடத்தை மூடப்போகிறது என்று தெரிந்துகொண்டு, வருவதா மறுப்பதா என்பதை அவள் தீர்மானித்துக்கொள்வாள்.