கைப்பேசி சொல்லும் அஸர்

ஏர்வாடிக் கடலோரத்தில் பெரும்பாலோர் ஷாபிஈகள். சியாரத்துக்கு வரும் ராவுத்தர்களில் பலர் ஹனபீகள். உச்சிப்பொழுது நிழல் நீங்கலாக, ஒரு பொருளின் நிழல் அதன் உயரத்துக்குச் சமமானதும் ஷாபிஈக்கு லுஹர் முடிந்து அஸர் நுழைகிறது. ஹனபீக்கு இருமடங்காக வேண்டும். இடையே சுமார் ஒரு மணி நேரம்.

பாங்கு சொல்லும் கைப்பேசிச் செயலி இவற்றில் ஒன்றைத் தானே வைத்துக்கொண்டு வருகிறது. மாற்ற வழியுண்டு, மாற்றுவோர் எத்தனை பேர்? ஹனபீ கணக்கை நம்பி லுஹரைத் தாமதிக்கும் ஷாபிஈ பெண்ணுக்கு வக்து போய்விடுகிறது. அவளோ நேரத்தில் தொழுததாக எண்ணுகிறாள்.

அறியாமல் நேர்ந்ததை அல்லாஹ் மன்னிப்பான். கேட்டறிய வழியிருந்தும் கேளாதிருப்பது வேறல்லவா? இமாமைப் பின்பற்றுவது தக்லீது. அவர் யாரென்று அறிவோம். செயலியைச் செய்தவர் யார்? முன்பு வக்தில் சந்தேகம் வந்தால் ஆலிமைக் கேட்டார்கள். இப்போது சந்தேகமே வருவதில்லை. எனக்குக் கவலை அதுதான்.

சகோதரர்களே, இன்றே வீட்டுப் பெண்களின் கைப்பேசியில் எந்த மத்ஹபு இருக்கிறதென்று பாருங்கள்.