பணயமில்லாத ஆட்டம்

பருவம் முடிகிற தறுவாயில், இரண்டு அணிகளுக்கும் லாபமோ நஷ்டமோ இல்லாத ஒரு கால்பந்தாட்டத்துக்கு முன்னோட்டம் எழுத உட்காரும் பத்திரிகைக்காரன், தன்னை அறியாமலே ஒரு தத்துவப் பிரச்னையின் முன் உட்கார்ந்திருக்கிறான். 'இனி பெருமைக்காக ஆடுவார்கள்' என்று ஒரு வரி எழுதிவிட்டுத் தப்பித்துக்கொள்கிறான். எல்லா மொழிகளிலும் எழுதப்படுகிற வரி இது. இதில் ஒரு பொய் இருக்கிறது என்றே எனக்குப் படுகிறது. என்ன வகைப் பொய் என்று பார்க்க வேண்டும்.

ஸ்தூலமான ஒரு உதாரணம். 2019 பிப்ரவரியில் சென்னை நேரு விளையாட்டரங்கில் சென்னையின் எஃப்.சி.யும் பெங்களூரு எஃப்.சி.யும் ஆடிய இந்தியன் சூப்பர் லீக் ஆட்டம். 2018 மார்ச்சில் பெங்களூருவிலேயே வைத்து பெங்களூருவை 3-2 என்று வென்று கோப்பையை எடுத்துக்கொண்டு வந்த அணி சென்னை. அடுத்த பருவத்தில் பத்து அணிகளில் பத்தாவதாகக் கிடந்தது. அரையிறுதிக்குப் போகும் முதல் நான்கு இடங்கள் அதற்கு எட்டாத தூரத்தில். இங்கிலாந்தில் கடைசியில் நிற்கிற அணி கீழ்ப் பிரிவுக்குத் தள்ளப்படும்; கடைசி வாரம்வரை கழுத்தின் மேல் கத்தி தொங்கும். இந்த லீக்கில் அந்தப் பருவத்தில் அந்தத் தண்டனையும் இல்லை. ஏற வழியில்லை, விழப் பள்ளமும் இல்லை. எதிரே நின்ற பெங்களூருவோ பட்டியலின் உச்சியில். முதலிடத்துக்கென்று தனிக் கேடயம் 2019-20 பருவத்தில்தான் ஏற்பட்டது. ஆகவே அவர்களுக்கும் அந்தத் தொண்ணூறு நிமிஷங்களால் ஆகவேண்டியது அதிகமில்லை. ஆட்டத்தில் சென்னை 2-1 என்று வென்றது. அந்தப் பருவத்தின் 18 ஆட்டங்களில் அது வென்றவை இரண்டே. மொத்தம் சேர்த்த 9 புள்ளிகளில் மூன்று இந்த மாலையில் வந்தவை. பட்டியலில் கடைசி இடம் மாறவில்லை. அடுத்த மாதம் பெங்களூரு கோப்பையை வென்றது. அதாவது, அந்த ஆட்டம் நடக்காமலே போயிருந்தாலும் எல்லாம் இப்படியேதான் இருந்திருக்கும். பின் அது ஏன் முழுமூச்சாக ஆடப்பட வேண்டும்?

கீதை நினைவுக்கு வரும். பலனைக் கருதாதே, செய். ஆனால் இந்த பதில் இங்கு பொருந்தவில்லை. அர்ஜுனன் முன்னால் ஒரு ராஜ்யம் கிடந்தது. துறக்க ஒரு பலன் இருந்ததால்தான் துறவு அவனுக்கு சாத்தியமாயிற்று. பலனே இல்லாதவனிடம் பலனைத் துறக்கச் சொல்வது, வெறும் இலையின் முன் உட்கார்ந்தவனிடம் உபவாசத்தின் மேன்மையை விளக்குவது போல. மேலும், குருக்ஷேத்திரத்துக்கு முன்னால் ஒரு ஆட்டம் நடந்ததே, அதில் பணயம் நிறையவே இருந்தது: நாடு, தம்பிமார்கள், தன்னையே, கடைசியில் மனைவி. பணயம் ஏற ஏற தருமன் ஆட்டக்காரனாக இல்லாமல் போய்க்கொண்டிருந்தான். பணயம் வைத்து ஆடுவதற்கு நம்மிடம் பழைய பெயர் ஒன்று இருக்கிறது - சூது. வள்ளுவர் அதற்கென்று ஒரு அதிகாரமே ஒதுக்கித் திட்டியிருக்கிறார். அந்தக் கணக்கில், பத்திரிகைக்காரன் சோர்வோடு முன்னோட்டம் எழுதுகிற இந்த ஆட்டம்தான் சூதிலிருந்து மிகத் தொலைவில் நிற்பது.

பணயம் இருந்தால் தீவிரம் தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கைக்கும் ஆதாரம் போதாது. 1982 ஜூன் 25, ஸ்பெயினின் ஹிஹோன் நகரம், உலகக் கோப்பை. மேற்கு ஜெர்மனி 1-0 அல்லது 2-0 என்று ஜெயித்தால் அதுவும் ஆஸ்திரியாவும் சேர்ந்தே அடுத்த சுற்றுக்குப் போகலாம். முந்தின நாளே தன் ஆட்டங்களை முடித்துவிட்டிருந்த அல்ஜீரியா வெளியேறும். பத்தாவது நிமிஷத்தில் ஜெர்மனி ஒரு கோல் போட்டது. அதற்குப் பிறகு இரு தரப்பும் பந்தைச் சும்மா உருட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கு பணயம் உச்சத்தில் இருந்தது. ஆட்டம் செத்துக் கிடந்தது. அதன் பிறகுதான் பிரிவின் கடைசி ஆட்டங்களை ஒரே நேரத்தில் நடத்தும் வழக்கம் வந்தது. விதியைத் திருத்தலாம். ஆனால் அன்று தெரியவந்த விஷயம் விதியை மீறியது: பலன் மட்டுமே ஆட்டத்தைக் காப்பாற்றாது, சமயத்தில் அதைக் கொல்வதே பலன்தான்.

இதன் மறுபக்கத்தைக் கோயம்புத்தூரில் பார்க்கலாம். 2019 மார்ச் 9, ஐ-லீக்கின் கடைசி நாள். சென்னை சிட்டி வென்றால் பட்டம் அதற்கு. எதிரே மினெர்வா பஞ்சாப். முந்தைய ஆண்டின் சாம்பியன், அந்த ஆண்டு அடிமட்டத்தில். மினெர்வாவுக்கு ஒன்றுமில்லாத ஆட்டம். ஆனால் முதல் கோலை, ஆரம்ப நிமிஷங்களிலேயே, போட்டது மினெர்வாதான். பிறகு சென்னை சிட்டி 3-1 என்று வென்று 43 புள்ளிகளோடு பட்டம் பெற்றது. அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஆடி ஜெயித்துக்கொண்டிருந்த ஈஸ்ட் பெங்காலுக்கு 42. மினெர்வா அன்று கை கட்டி நின்றிருந்தால், மைதானத்திலேயே இல்லாத ஒருவனுக்குத் துரோகம் செய்ததாகியிருக்கும். 'எனக்கு ஒன்றுமில்லை' என்பது ஆட்டத்தைப் பற்றிய வாக்கியமே அல்ல. தன்னைப் பற்றிய வாக்கியம். ஆட்டத்துக்கு நான் மட்டும் சொந்தக்காரன் இல்லை.

ஆனால் சென்னை - பெங்களூரு ஆட்டத்தில் அந்த மூன்றாமவனும் பெயருக்குத்தான் இருந்தான். இங்கேதான் கேள்வி கூர்மையாகிறது.

தஞ்சாவூர்க்காரன் என்பதால் எனக்கு இரண்டு உவமைகள் வசதியாகக் கிடைக்கின்றன. ஜனவரி கடைசியில் மேட்டூரை மூடிவிடுவது வழக்கம். சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால், நிற்கிற நெல்லுக்குள்ளேயே உளுந்தைத் தெளிக்கிறார்கள். உழவில்லை, பாய்ச்சலில்லை, மண்ணில் மிஞ்சிய ஈரமும் பனியும்தான். பருவம் முடிந்த பின் நடக்கிற பயிர். அழகான உவமை, அதனாலேயே சந்தேகப்பட வேண்டியது. தெளிக்கிறவனுக்கு உளுந்து வேண்டும். அது பசி சம்பந்தப்பட்டது. இன்னொன்று, கோயிலில் அர்த்தசாமத்தில் ஆளில்லாத பிராகாரத்தில் வாசிக்கிற நாதஸ்வரக்காரர். அவருக்கும் கேட்க சுவாமி இருக்கிறார், நம்பிக்கை இருக்கும்வரை. இரண்டிலும் பணயம் ஒளிந்திருக்கிறது. சிஸிபஸை இழுத்து வரவும் எனக்கு விருப்பமில்லை. அவன் உருட்டியது பாறை. பாறை எதிர்த்து ஆடுவதில்லை.

இந்த விஷயத்தில் பெரிய நூல்களைவிட, அறுத்த வயலில் ஆடும் பையன்களிடமிருந்து ஒரு சொல் எனக்கு உதவுகிறது: ஒப்புக்குச் சப்பாணி. ஆளெண்ணிக்கைக்காகவோ, அழுகிறான் என்பதற்காகவோ சேர்த்துக்கொள்ளப்பட்ட சின்னப் பையன். அவன் அவுட்டானாலும் கணக்கில்லை, ஜெயித்தாலும் கணக்கில்லை. பட்டியலின் அடியில் கிடக்கும் அணியின் நிலைமை இதுதான். ஆனால் அந்தப் பையனைக் கவனித்தவர்களுக்குத் தெரியும், அவன் மற்ற எல்லோரையும்விட வேகமாக ஓடுவான். அவன் முகம் வாடுவது தோற்கும்போது அல்ல. பெரிய பையன் வேண்டுமென்றே மெதுவாக ஓடி, தன்னைத் தொட விடுகிறான் என்று தெரிகிற அந்தக் கணத்தில்தான். அவனிடமிருந்து பறிக்கப்பட்டது வெற்றி அல்ல, எதிர்ப்பு.

பெர்னார்ட் சூட்ஸ் என்ற தத்துவக்காரர் 1978-ல் எழுதிய புத்தகமொன்றில், தேவையே இல்லாத தடைகளைத் தாமே விரும்பி ஏற்றுத் தாண்ட முயல்வதுதான் விளையாட்டு என்கிறார். பந்தை வலைக்குள் கொண்டுபோய்ப் போட வேண்டுமென்றால் கையில் எடுத்துக்கொண்டு நடக்கலாம். அதைக் கடினமாக்குவதுதான் ஆட்டம். இதற்கு மேல் நான் ஒரு அடி வைக்கிறேன். அந்தத் தடைகளில் பிரதானமானது எதிராளி. அவன் முழுபலத்தோடு தடுக்காவிட்டால் நான் போட்ட கோல் கோல் அல்ல, வெறும் சம்பவம். என் சாதனையை வாஸ்தவமாக்குகிற அதிகாரம் அவனிடம் இருக்கிறது. அவனுடையது என்னிடம். பட்டியல், பட்டம், பதவியிறக்கம் எல்லாம் வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டவை. அவை உதிர்ந்த பின்னும் இந்தப் பரஸ்பரக் கடன் உதிர்வதில்லை. மற்ற நாட்களில் இது லாப நஷ்டத்தின் இரைச்சலில் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

ஆகவே 'பெருமைக்காக' என்பதன் பொய், அது ஆடுகிறவனைத் தன் பக்கமே திருப்பிவிடுகிறது என்பது. பெருமை தனக்குத்தானே கொடுத்துக்கொள்வது. கடன் எதிரே நிற்கிறவனுக்கு. பெங்களூருவுக்கு அன்று சென்னை தரவேண்டியிருந்தது மரியாதையும் அல்ல, விட்டுக்கொடுத்தலும் அல்ல, எதிர்ப்பு. அதைத் தந்தது.

இருநூறு பேர் படிக்கிற பத்திரிகையில் ஒரு கவிதைத் தொகுப்புக்கு மதிப்புரை எழுதும்போதும் பணயம் எதுவுமில்லை. புகழ்ந்தாலும் விற்காது, திட்டினாலும் குறையாது. எழுதியவர் நண்பர், முதுகில் தட்டிவிட்டுப் போய்விடலாம், பெரும்பாலும் அதுதான் நடக்கிறது. அதை நாம் பெருந்தன்மை என்கிறோம். அந்தக் கவிஞனை ஒப்புக்குச் சப்பாணியாக்கிவிட்டோம் என்பதே அதற்கு அர்த்தம்.