தேடும் கையின் தூய்மை

அறிய விழையும் பொருளை நம் கையே மாசுபடுத்திவிட்டால், பெற்ற அறிவுக்கு மதிப்பேது?

அண்டார்க்டிகாவில், ஏறத்தாழ 3,770 மீட்டர் பனிக்கட்டியின் அடியில், கதிரொளி காணாது கிடக்கின்றது வோஸ்தோக் ஏரி. அங்கும் நுண்ணுயிர் உண்டோ என்றறிய 2012இல் ருஷ்ய அறிஞர்கள் அதன் நீரை எட்டினர். துளை மூடிவிடாதிருக்க அவர்கள் நிரப்பியிருந்ததோ மண்ணெண்ணெய் கலந்த திரவம். எனவே, மாதிரியில் தென்பட்ட உயிர்த் தடயம் ஏரிக்குரியதா, எண்ணெயோடு சென்றதா என்ற ஐயம் எழுந்தது.

2013இல் அமெரிக்கக் குழுவினர், வடிகட்டிப் புற ஊதாக் கதிரால் தூய்மை செய்த வெந்நீரால் 800 மீட்டர் பனியை உருக்கி, வில்லன்ஸ் ஏரியை அடைந்தனர். உயிருள்ள நுண்ணுயிர்களைக் கண்டனர்.

கல்வியைத் தேடுவது நம் கடமை. தேடப்படும் பொருளோ நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதைக் கெடுத்துப் பெறுவது அறிவாகுமோ? கழுவாத கையோடு தேடுவோர் இறுதியில் காண்பது தம் கையழுக்கையே அன்றோ!