மணச்செலவும் கடனறமும்

இல்லறத்தார் ஒருவர் தம் மகளின் திருமணத்தைச் சிறப்புறச் செய்தற்பொருட்டுத் தம் ஆற்றலுக்கு மேற்பட்டுக் கடன் கொள்ளுதல் அறமாகுமோ என்னும் வினா, சின்னாட்களுக்கு முன் தண்டலத்தில் எமக்குப் பழக்கமுடைய ஓரன்பர் இல்லத்தே எழுந்தது. சென்னையினின்று பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டிய அவ்வூர்ப் பக்கமெல்லாம் முன்னர் ஏரிநீர் பாயும் நெல்வயல்களாயிருந்தன. இருங்காட்டுக்கோட்டையில் கார் ஆலை 1998-இல் வேலை தொடங்கிற்று. ஒரகடத்தில் 2010-இல் மற்றொரு பேராலை எழுந்தது. அன்பரின் வயலும் போயிற்று. வயலுக்கு வந்த பணம் வீடாயும் வண்டியாயும் மாறிற்று. அவர்தம் மகள் இப்பொழுது கைப்பேசி உறுப்புக்கள் பொருத்தும் ஆலையொன்றில் இரவும் பகலும் முறைமாற்றிப் பணிசெய்கின்றாள்.

அன்பர் எமக்கு ஒரு குறிப்பேட்டைக் காட்டினார். மண்டபத்திற்கும், சமையலுக்கும், பந்தலுக்கும், மேளத்திற்கும், படம் பிடிப்போர்க்கும் ஓராண்டுக்கு முன் விசாரித்தெழுதிய தொகை ஒரு பக்கத்தும், இப்பொழுது அவர்கள் கேட்குந் தொகை எதிர்ப்பக்கத்தும் இருந்தன. மண்டபத்தார் முன்பணம் பெற்றுக்கொண்ட பின்னரும், மின்சாரத்திற்கும் ஜெனரேட்டருக்கும் துப்புரவிற்கும் வேறு தரவேண்டுமென்றனராம். இரு பக்கத்திற்கும் உள்ள வேற்றுமையை வட்டிக்கு வாங்குவதென அவர் துணிந்திருந்தார். மகள் அது வேண்டாவென்று மறுத்து நின்றாள்.

விலையேற்றம் பொய்யன்று. 2020-இன் நடுவில் 40,000 ரூபாயைக் கடந்த ஒரு சவரன் தங்கம் 2025 அக்டோபரில் 90,000 ரூபாயைக் கடந்தது. வரிக்குட்பட்ட மண்டபங்களின் வாடகைமேல் நூற்றுக்கு 18 வீதம் சரக்கு சேவை வரி சேர்கின்றது. இவற்றினும் பெரியதொரு காரணத்தை நாமே ஆக்கிக்கொள்கின்றோம். ஆடி, புரட்டாசி, மார்கழி நீங்க எஞ்சிய திங்கள்களில், வளர்பிறை முகூர்த்தமாகவும், ஆலைத்தொழிலாளர்க்கு விடுமுறையான ஞாயிறாகவும் இருத்தல்வேண்டுமென்று எல்லாரும் ஒரு சில நாட்களையே நாடுவர். ஒரு நாளைக்கு நூறுபேர் போட்டியிட்டால் அந்நாளின் விலை ஏறாதொழியுமோ? சிவனடியார்க்கு நாளுங் கோளும் நல்லனவே என்று பதிகம் அருளிய சம்பந்தப் பிள்ளையார்வழி நிற்பேம் எனச் சொல்லிக்கொள்ளும் நாம், ஒரு புதன்கிழமையைக் கண்டு அஞ்சுவது வியப்பே.

யாம் இங்ஙனங் கூறியபோது அன்பர் ஒரு தடை நிகழ்த்தினார். அது எளிதில் தள்ளத்தக்கதன்று. “ஐயா, நாயன்மார் கணக்குப் பார்த்தோ அமுது செய்வித்தனர்? இளையான்குடி மாறனார் விதைத்த நெல்லை வாரிக்கொணர்ந்தார். குங்கிலியக்கலயர், நெல் வாங்குதற்கு மனைவியார் கொடுத்த தாலிக்குக் குங்கிலியங் கொண்டார். இதோ பக்கத்துத் திருவேற்காட்டில் தோன்றிய மூர்க்க நாயனார் சூதாடியும் அடியார்க்கு அமுதளித்தார். அவர்கள் செய்தது தொண்டாயின், யான் கடன்பட்டு நாலுபேர்க்கு இலைபோடுவது மட்டும் குற்றமாவதெங்ஙனம்?” என்றார்.

ஊட்டுதல் என்னுஞ் செயல் ஒன்றேயாயினும், யார்பொருட்டு ஊட்டுகின்றோம் என்பதனால் அது வேறுபடும். மூர்க்க நாயனார் சூதில் வென்ற பொருளைத் தம் கையாற் றீண்டாது அமுதாக்குவோரிடமே சேர்ப்பித்து, அடியாரெல்லாம் உண்டபின் கடைப்பந்தியில் உண்டவர் என்பது அவர் வரலாறு. அந்தச் சூதில் அவர்க்கென்று ஒரு பங்கும் இல்லை. நம் மணவிருந்திலோ, பசித்து வந்தானொருவனை வாயிலிற் காப்போன் தடுப்பான். பசியில்லாதார் நான்கு வகை இனிப்பை இலையில் வைத்தெழுவர். அங்கே உண்பிக்கப்படுவது பெரும்பாலும் நம் பெயரே. ‘என் வீட்டுத் திருமணம்’ என்பதில் ‘என்’ என்பது எவ்வளவு பருத்திருக்கின்றதென்று உற்றுநோக்கின், ஆணவத்தைப்பற்றி நூல்களிற் படித்தது கண்முன் நிற்கும்.

மாறனார் கடன்பட்டாரென்பது மெய்யே. ஆயின், தம்மை விற்றேனும் இறுத்தற்கேற்ற கடனையே அவர் கொண்டார் என்பது சேக்கிழார் வாக்கின் கருத்து. கடன் கொண்டவர் அவர். இறுக்க வேண்டியவரும் அவரே. நம் அன்பர் கொள்ளக்கருதிய கடனை இறுப்பவர் யார்? அவர்க்கு வயலில்லை, அகவை அறுபதை அணுகிற்று. மகள் இராப்பணி செய்து பெறுங் கூலியினின்றே தவணை போகவேண்டும். தன் மணத்தின் விலையைத் தானே மூன்று நான்காண்டு உழைத்துக் கட்டும் பெண்ணுக்கு அப்பந்தல் மங்கலமோ? கொங்கு நாட்டு நூற்பாலைகள் சிலவற்றில் ‘சுமங்கலித் திட்டம்’ என்னும் பெயரால், மூன்றாண்டு முடிவில் மணச்செலவிற்கு ஒரு தொகை தருவதாகக் கூறி இளம்பெண்களை விடுதியிலடைத்து வேலைவாங்கிய கொடுமையை நாடறியும். அதனைப் பழித்த நாமே அதன் சிறுவடிவை வீட்டிற் செய்யலாகாது. புத்தூரில் நம்பியாரூரர் மணப்பந்தரில் ஓலை கொணர்ந்தவர் ஆட்கொள்ள வந்த இறைவர். இக்காலத்துப் பந்தல் பிரித்தபின் ஓலையொடு வருபவர் அத்தகையரல்லர்.

மொய் வருமே என்பாருமுளர். மொய்யும் ஒருவகைக் கடனே. நோட்டில் எழுதிய ஒவ்வொரு தொகையும் ஒருநாள் திரும்பக் கேட்கும்.

எனினும், சுற்றத்தை ஊட்டுதலே வீணென்று யாம் கூறோம். ஒரு பெண் புகுந்த வீட்டில் தலைநிமிர்ந்து நிற்றற்கு ஊரறிந்த மணம் துணையாதலை யாம் அறிவோம். விருந்தோம்பல் இல்லறத்தின் உயிர். ஆதலின், விருந்தினர் எண்ணிக்கையை முதலில் வரையறுத்து, அதன்பின் மண்டபம் தேடுமாறு அன்பர்க்குக் கூறினோம். அவர் முதலிற் பெரிய மண்டபத்தைப் பேசிவிட்டு, அதனை நிரப்ப ஆள்தேடிக்கொண்டிருந்தார்! சமையல் இலைக்கணக்காற் பேசப்படுவது. இலை குறைந்தால் இடமும், பந்தலும், பரிமாறுவோர் கூலியும் உடன்குறையும். பேசிய தொகையில் எவை அடங்கும், எவை அடங்கா என்பதை முன்பணத்திற்கு முன்னரே எழுதி வாங்கல்வேண்டும். கையிலுள்ளதிற் பத்திலொரு பங்கை எதற்கும் ஒதுக்காது விலையேற்றத்திற்கென வைத்தல் நன்று. தாலி கட்டுதலைத் திருக்கோயிலில் வைத்துக்கொள்ளின் ஒரு பெருஞ்செலவு நீங்கும்; 2022 திசம்பரில் திருவான்மியூர் மருந்தீசர் திருக்கோயிலில் அறநிலையத் துறையினர் 31 இணையர்க்கு மணஞ்செய்வித்தபோது அம்மணங்கள் யாதுங் குறைவுற்றனவல்ல.

அழைக்கப்படாதார் வருந்துவரே என்று அன்பர் தயங்கினார். கயிலையில் இறைவன் திருமணங் காண எல்லாருங் குழுமியமையின் வடதிசை தாழ, அகத்தியர் தென்றிசைக்கு விடுக்கப்பட்டார் என்பது புராணம். அவர்க்கு மணக்கோலங் காட்டிய தலங்களுள் ஒன்று அதே திருவேற்காடு. பந்தலுக்கு வாராத அவர் அம்மணக் காட்சியை இழந்திலர். மணமக்களே பின்னர் ஒவ்வொரு வீடாகச் சென்று வணங்கி வரலாமே என்றோம். அன்பர் சிறிதுநேரம் பேசாதிருந்து, பேரேட்டைப் புரட்டிப் புதியதொரு பக்கத்தில் பெயர்களை எழுதலாயினர். நூற்றறுபதில் நிறுத்தி மகளிடம் நீட்டினார். அவள் மேலிருந்து கீழ்வரை விரலோட்டிப் பார்த்து, “சத்துணவுக்கூடத்து ஆயாவை விட்டுவிட்டீர்களே, அப்பா” என்று அடியில் ஒரு பெயரைச் சேர்த்தாள்.