அமானிதமும் கணக்கும்

 

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மக்காவை விட்டு ஹிஜ்ரத் புறப்பட்ட இரவை எண்ணிப் பாருங்கள். கொல்ல வந்தவர்கள் வாசலில் நிற்கிறார்கள். அவ்வேளையிலும், ஊரார் தம்மிடம் ஒப்படைத்திருந்த பொருள்களை உரியவர்களிடம் சேர்ப்பிப்பதற்காக அலி (ரலி) அவர்களை நிறுத்திவிட்டே சென்றார்கள். பகைவன் பொருளாயினும் அமானிதம் அமானிதமே.

அமானிதம் பேணப்படாவிட்டால் ஒரு சமுதாயம் என்னவாகும் என்பதற்கு அமெரிக்கப் பூர்வகுடிகளின் வரலாறு சான்று. 1887-ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுடைய நிலங்களைத் தனித்தனிப் பங்குகளாகப் பிரித்தது. மேய்ச்சல் குத்தகை, எண்ணெய் வருமானம் முதலியவற்றை அவர்கள் பேரில் அரசாங்கமே வாங்கி வைத்துக்கொண்டது. எவ்வளவு வந்தது, எங்கே போயிற்று என்று கேட்டால் ஒழுங்கான பதில் இல்லை.

மாண்டானா மாநிலத்தில் பிளாக்ஃபீட் குடியினர் வாழும் பிரௌனிங் என்ற ஊரில் இருந்த ஒரே வங்கியும் 1983-ல் மூடப்பட்டது. அக்குடியின் பொருளாளர் எலூயிஸ் கோபெல் என்ற அம்மையார் சும்மா இருக்கவில்லை. அவர் முயற்சியால் 1987-ல் அக்குடியினருக்கே சொந்தமான வங்கி பிறந்தது. 2001-ல் வேறு பல குடிகளும் பங்கு சேர்ந்து அது நேட்டிவ் அமெரிக்கன் பேங்க் ஆயிற்று. அங்கே வட்டி உண்டு. அது நமக்கு ஆகாது. வட்டியின்றியும் சிறுசேமிப்பைத் திரட்டலாம் என்பதை 1963-ல் தொடங்கிய நம் நாட்டுத் தாபோங் ஹாஜி காட்டியிருக்கிறது.

நம் மனத்தைத் தொட்டது வேறொன்று. அம்மையார் 1996-ல் அரசாங்கத்தின் மீதே வழக்குத் தொடுத்தார். அவர் முதலில் கேட்டது கணக்கு! 2009-ல் 340 கோடி டாலருக்கு உடன்பாடு ஏற்பட்டது.

நிற்க. நம் கதை என்ன? மச்சானிடம் துண்டுச்சீட்டுக் கேட்பது மரியாதையா என்று கூசிக் கையிலிருப்பதைக் கொடுக்கிறோம். குர்ஆன் ஷரீபிலேயே மிக நீண்ட வசனம், சூரத்துல் பகராவில், கடனை எழுதிக்கொள்ளச் சொல்லும் வசனமல்லவா? மச்சானுக்கு அதில் விலக்கில்லை. சங்க நிதியும் இவ்வாறே. முன்பொரு சபையில் வரவு செலவு கேட்டு, "எங்களைத் திருடனென்கிறீரா?" என்று நாமும் வாங்கிக் கட்டிக்கொண்டோம். கேட்டவர் குற்றவாளியானார், பேரேடு அலமாரிக்குள்ளேயே இருந்தது.

இவ்வாண்டுப் பொதுக்கூட்டத்தில் பேரேட்டை மேசைமேல் விரித்து, கணக்கை முழுக்க வாசித்து முடித்த பிறகே பிரியாணிச் சட்டியைத் திறப்பதென்று வைத்துக்கொள்வோமே!